லைனிங்

நுரையீரலைச் சுற்றி மெல்லிசாய் ஓர் உறை உண்டு என்றாள்
ஸ்டான்லியில் அந்தச் சின்ன வயசு டாக்டர்.
எனக்கு விளங்காதென்று
தன் வெள்ளைக் கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.
லைனிங் என்றேன்.
ஆமாம்மா, லைனிங்தான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஓரம்
முப்பத்திரண்டு வருஷம் ரவிக்கை தைத்தவள் நான்.
லைனிங் துணியை முதல்நாளே நனைத்து
உலர்த்தித்தான் கத்தரி வைப்பேன்.
அவசரப்பட்டால் முதல் சலவையில் உள்ளே சுருங்கி
மேல்துணியைப் பிடித்து இழுக்கும்.
எனக்குள் இப்போது அப்படித்தான் ஏதோ இழுக்கிறது.
இரண்டு துணிக்கும் நடுவில் தண்ணீர்.
முதுகில் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள்,
டீ நிறத்தில்.

எங்கே வேலை பார்த்தீங்க?
வீட்டில்.
அதுக்கு முன்னாடி? ஆலை, குடோன், துறைமுகம்?
வீட்டில்தான்.
ஷீட்டுக் கூரையா?
ஷீட்டுதான்மா, எங்கள் தெருவே ஷீட்டு.
எழுதிக்கொண்டாள். பேனா நிற்கவில்லை.
வீட்டுக்காரர்?
அவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார்.
கூப்பிடட்டுமா?

எண்ணூரில் அனல் மின் நிலையம்,
பாய்லர் குழாய்களுக்குக் கல்நார்க் கயிறு சுற்றும் வேலை,
பதினோரு வருஷம், எல்லாம் ஒப்பந்தம்.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருந்த மேஸ்திரியை
கல்லில் நார் உரிக்கிறவன் என்று ஏசுவோம்.
உரித்த நார் சட்டையில் ஒட்டித்தான்
வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது என்று
யாருக்குத் தெரியும்.

மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி வருவார் மாசிலாமணி.
புருவம்கூட வெள்ளை.
வாசலிலேயே சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்.
ஊறவைத்தால் சோப்புத் தண்ணீர் கஞ்சியாகிறதே என்று
நான் மாடிப்படியில் நின்று முதலில் உதறுவேன்.
ஓங்கி இரண்டு உதறல். பாவாடை நாடாவில், தலைமயிரில்.
சாயங்கால வெயிலில் அது மினுக்மினுக்கென்று இறங்கும்,
நேரம் எடுத்துக்கொண்டு.

நாற்பது வருஷம் கழித்தா என்று கேட்டேன்.
கழித்துத்தான் வரும் என்றாள்.
நனைச்சிட்டு எடுத்திருந்தா பறந்திருக்காதும்மா.
சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல்
மேசையில் இருந்த ஸ்டேப்ளரை நகர்த்தி வைத்தாள்.

அவரையும் படம் எடுத்துப் பார்த்தார்கள்.
அவர் நெஞ்சு சுத்தம்.
அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டமாட்டேன் என்கிறார்.
மடித்து மடித்து, மருந்து டப்பாவுக்கு அடியில்
ஒளித்து வைத்திருக்கிறார்,
குற்றம் செய்தவர் மாதிரி.

நஷ்டஈடு கேட்க ஒரு நாள் போனோம்.
மேஸ்திரி பென்சிலில் எழுதிய நோட்டு அவரோடு போய்விட்டது.
மேஸ்திரியும் போய்விட்டார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனுஷர்,
நாற்காலி போடச் சொன்னார்.
நீங்க அங்க வேலை செய்யலையேம்மா என்றார்.
இல்லைங்க சார்.
வேலைதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.
சோப்புகூட என் காசு.

இப்போது துணியெல்லாம் அவர்தான் துவைக்கிறார்.
எதையும் உதறுவதில்லை.
பக்கெட்டில் அமுக்கி, குமிழி அடங்கும்வரை பிடித்துக்கொண்டு
நிற்கிறார், வெறும் தலையணை உறையைக்கூட.
இரவில் நான் ஒருக்களித்துப் படுத்தால்
இருட்டில் அவர் எழுந்து உட்கார்வது தெரியும்.
தூங்கய்யா என்பேன்.
தூங்கிட்டேன் என்பார்.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை.
அவரிடமும்.
நான் உதறும்போது கீழ்ப்படியில் சுகுணா நிற்பாள்.
மூன்று வயசு.
மழை மழை என்று இரண்டு கையும் தட்டி
அண்ணாந்து வாயைத் திறப்பாள்.

ஓசூரில் இருக்கிறாள், நாற்பத்தொன்று நடக்கிறது.
ஞாயிறு தவறாமல் போன் வரும்.
பையன் கணக்கில் மட்டம், பால்காரன் ஏமாற்றுகிறான்,
அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டாயா.
உம் உம் என்று சொல்லிக்கொண்டே
ஒரு வாக்கியம் முடிவதற்குள்
எத்தனை முறை மூச்சு வாங்குகிறாள் என்று
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.